குந்தியிருக்கும் உயரம்

முப்பத்தொரு கேள்விகள் கொண்டுவந்தேன்.
கருங்கலுக்கு மேற்கே, ரப்பர் தோட்டம் முடிகிற இறக்கத்தில்
சர்ச் ஹாலின் இரண்டு விசிறிகளில் ஒன்று சுழன்றது.
பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் அமர்ந்தார்கள்,
அண்டியாபீஸிலிருந்து நேராக வந்தவர்கள்,
விரலிடுக்கில் சாம்பல் போகாமல்.

முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே
ஜெபசோபனம் நின்றுவிட்டாள்.
"இறுதிப் பயனர்னா யாரு சாரே?
சோப்பு வாங்குறவளா?"
சிரிப்பு அடங்க நேரமானது.
இந்த அறிக்கையை வைத்து ஏதாவது செய்யப்போகிறவர்கள் என்றேன்.
"அப்போ நாங்கதான்.
நாங்கன்னா, எங்களுக்குத் தெரிஞ்சத கேளும்."

ஏழாம் கேள்வி: புகைக்கு அருகே
ஒரு நாளில் எத்தனை மணி நேரம்?
அருகே என்று ஓர் இடமே இல்லை என்றார்கள்.
நாலு மணிக்கு வறுக்கத் தொடங்கினால்
நாலரைக்குத் தங்கபாயின் அடுக்களையில் இருக்கும்.
ஆடியில் காற்று திரும்பினால் பால்வாடியில்.
மழை நாளில் எங்கும் போகாது,
கிணற்றுக்கு மூடி போட்டதுபோல் கிடக்கும்.
கேள்வியை வெட்டினோம்.
அந்த இடத்தில் ஒரு படம் வரைந்தார்கள்.
வடக்கு கீழே இருந்தது. நான் திருப்பவில்லை.

கருவியைப் பஞ்சாயத்து மாடியில் வைத்திருந்தேன்.
"மாடியில யாரு அண்டி தல்லுறா?"
கேட்டது சுகந்தலீலா.
சாக்கை மடித்துப் போட்டுக் குந்திக் காட்டினாள்.
ஒருத்தி டேப்பைப் பிடித்தாள், ஒருத்தி வாசித்தாள்:
தரையிலிருந்து மூக்குவரை அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
அன்று முதல் கருவியும் குந்தியிருக்கிறது.

எண்களுக்குப் பக்கத்தில் அவர்களுடைய அளவு:
கண் கரிக்கும்.
சாயாவில் புகை ருசிக்கும்.
வெளுத்த துணியை மறுபடி வெளுக்கணும்.
பிள்ள ராத்திரி எழுந்து உட்காரும்.
கடைசி வரிக்கு நேராகச் செவிலியர் பிரேமகலா
தன் பதிவேட்டிலிருந்து தேதிகளை வாசித்தாள்.
கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை.

"அறிக்கை எத்தன பக்கம் வரும்?"
நூற்றைம்பது.
"அது கலெக்டராபீசுக்கு இருக்கட்டு.
எங்களுக்கு ஒண்ணு மதி, கூலிச்சீட்டு அளவுல.
மேல, எந்த நேரம் பிள்ளய வெளிய விடலாம்.
கீழ, யாருக்கு போன் பண்ணணும்."
அந்த எண் என்னிடம் இல்லை.
வரியைக் காலியாக விட்டோம்.

பிறகு அமலபுஷ்பம்,
எல்லோரும் வாய்க்குள் வைத்திருந்ததை:
"சிவப்புன்னு வந்தா ஆபீஸ பூட்டிருவாங்களா?"
பூட்ட மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
பூட்டுவார்கள் என்று சொல்லவும்.
"அப்போ அதையும் ஆபத்துல எழுதும்.
நெஞ்சுல புக போறது ஒரு கட்டம்.
சனிக்கிழம கூலி இல்லாம போறது ஒரு கட்டம்."
என் அட்டவணையில் அதற்கு அலகு இல்லை.
கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று
அலகையும் அவளே சொன்னாள்.

பன்னிரண்டு முற்றங்களில் பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகள்
ஒரு வாரம் கொடியில் தொங்கின.
மடித்து, உறையிலிட்டு, எண் போட்டோம்.
ஆறாவதை ஆடு தின்றிருந்தது. அதையும் எழுதினோம்.

எல்லோரும் போன பின் வந்தான்
வறுப்புக்கார டென்சிங்,
மூன்று கூட்டத்திலும் கதவோரம் நின்றவன்,
மேஸ்திரி முன்னால் வாய் திறக்காதவன்.
சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தான்.
வறுக்கும்போது மூக்கைக் கட்டுகிற துணி.
ஓரம் மஞ்சள், உள்ளே பழுப்பு,
வாய் இருந்த இடத்தில் தார்.
"இதையும் பாரும். பேரு வேண்டாம்."

தாளில் பன்னிரண்டு வரிசைதான் இருந்தது.
ஸ்கேலைத் தேடினேன், கிடைக்கவில்லை.
கையாலேயே கோடு இழுத்தேன்,
கோணலாக.