அட்டைப்பட ஆள்

முந்நூறு பிரதிகள்.
கூடத்தில், சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவே
இடுப்புயரம் நிற்கின்றன.
பதிப்பாளர் மக்வாலா தொலைபேசியில் சொல்கிறாள்:
"புத்தகம் வாய் திறக்காது, நாத்தேலா.
நீதான் பேச வேண்டும்."

பேசினேன்,
வானொலியில் பதினோரு நிமிடம்.
"படங்களைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றவர்
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
லிஃப்ட் என்றேன்.
காசு போட்டால்தான் மேலே ஏறும் லிஃப்ட்.
திபிலீசியின் பழைய அடுக்ககங்களில்
எட்டாம் மாடிக்குப் போகிறவர்களின் முகம்,
கதவு மூடுவதற்கு ஒரு நொடி முன்னால்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.
பிறகு பாட்டுப் போட்டார்கள்.

வெளியீட்டு மாலையில் நாற்பது நாற்காலி.
வந்தவர் ஒன்பது பேர்,
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
ஒயின் தீர்ந்தது.

சுவரொட்டி ஒட்டினேன், ஒட்டினால் லிஃப்டில்தானே.
மறுநாள் அதன்மேல்
சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவரின் எண்.

அப்புறம்தான் அவ்தாந்தில் வந்தார்.
அட்டையில் இருப்பவர்:
தோளில் மாதுளைப் பெட்டி,
கை ஒழியாததால் பல்லிடுக்கில் காசு.
கதவைத் தட்டிய தட்டலில்
வழக்குப் போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.
"என் மூக்கு இத்தனை பெரிதா?"
பழியை லென்ஸ் மேல் போட்டேன்.
நம்பவில்லை. "இருபது கொடு" என்றார்.

சனிக்கிழமை, ரயிலடிச் சந்தை.
தராசுக்குப் பக்கத்தில்
பிளந்து வைத்த பழங்களுக்கு மேலே
புத்தகம் நிமிர்ந்து நின்றது.
பழத்துக்கும் படத்துக்கும் அவரிடம் ஒரே கூவல்தான்:
"பாருங்கள், புளிப்பே கிடையாது!"
வாங்கியவர்களுக்குக் கையெழுத்தும் போட்டார்,
என் பெயருக்கு மேலே,
அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக.
"பக்கத்தில் நிற்கிற பெண் யார்?"
ஒரு கிழவர் என்னைக் காட்டிக் கேட்டார்.
"கூட வந்தவள்" என்றார் அவ்தாந்தில்
சில்லறை எண்ணியபடியே.

பதினெட்டு போயிற்று.
ஒன்றைத் தம்பிக்கென்று எடுத்துக்கொண்டார்.
கடைசிப் பிரதியைப்
பெட்டி கட்டும் சணலால்
தன் வீட்டு லிஃப்டில், காசுப் பெட்டிக்குப் பக்கத்தில்
தொங்கவிட்டிருக்கிறார்.
எட்டு மாடி போதவில்லை என்று
ஒரு பையன் கீழே வந்து மறுபடி காசு போடுகிறானாம்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன்.
ஓரமெல்லாம் சிவந்த கட்டைவிரல் ரேகைகள்.
முப்பத்தோராம் பக்கத்தைக் காணோம்,
நறுவிசாகக் கிழித்திருக்கிறார்கள்.
அதில் இருந்தது தபால்காரி ஒருத்தி.
கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பாள்,
படம் நன்றாக வரவில்லை என்று
நான் நீக்கப் பார்த்த பக்கம்.

எடுத்தது அவளாகவே இருக்கட்டும்.
இருநூற்றெண்பதுக்கு என்ன செய்வது என்று
மக்வாலா திரும்பவும் அழைக்கிறாள்.
கதவு மூடிக்கொண்டிருக்கிறது.
சில்லறை தேடுகிறேன்.