ஒரு மாதிரி

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பால் டேங்கர் வந்து நின்றால்
ஏணி ஏறி, மூடி திறந்து, அடிவரை கலக்கி
இருநூறு மில்லி மொண்டு வருவது என் வேலை.
சீட்டில் எழுதி ஒட்டுவேன்:
மாதிரி 14. மாதிரி 15.

என்னைப் பற்றியும் ஊரில் அதே சொல்தான்.
"மயிலாத்தா ஒரு மாதிரி."
அதற்கு மேல் அந்த வாக்கியம் நகராது.
சொன்னவர் கை மட்டும்
காற்றில் ஒருமுறை பல்பு திருகும்.

ஏர் பிரேக் சீறினால் காதைப் பொத்திக்கொள்வேன்.
அண்ணன் கல்யாணத்தில் செண்டை மேளம் இறங்கியதும்
மண்டபத்துக்குப் பின்னால்
அண்டா கழுவுகிறவர்களோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.
நங்கையா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.
திமிர் என்றார்கள்.
கொழிஞ்சாம்பாறைக்குக் கூட்டிப்போய் கயிறு கட்டினார்கள்.
கயிறு உறுத்தியது.
அறுத்ததற்கும் திமிர் என்றார்கள்.

என் போனுக்கு நான் எந்த மாநிலம் என்று தெரியாது.
நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்,
ஒரு நாளைக்கு ஆறு தரம்
கேரளம் என்னை வரவேற்கும்.

ஆடிக் காற்று அடித்த ஓர் இரவில், அதே போனில்
ஒரு பெண்ணின் கைகள்.
முகம் காட்டவில்லை.
பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்து வைத்துக்கொண்டே பேசினாள்:
"ரவிக்கைக்குள்ள தச்சிருக்கிற சைஸ் துணிய
வெட்டாம நான் எதையும் போட்டதில்ல."

எழுந்து போய்
ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் இருந்த
பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணினேன்.
முப்பத்தொரு துணிச்சீட்டு.
பள்ளிக்கூடப் பாவாடையிலிருந்து தொடங்கி.

அவள் வழியாக ஒரு குழு.
நகரியில் விசைத்தறி ஓட்டும் முனிரத்தினம்:
இருபது தறி இரைந்தால் அவருக்குத் தூக்கம் வரும்,
நாலு பேர் ஒன்றாகச் சிரித்தால் தலைவலி.
ஷார்ஜாவில் ஜெபக்கனி:
அவள் தட்டில் சட்னி இட்லியைத் தொடக்கூடாது.
பாலக்காட்டு ரஸியா மலையாளத்தில் பேசுவாள்.
வேகமாகப் பேசினால் பாதி புரியாது,
அவள் நிறுத்துகிற இடங்கள் அத்தனையும் புரியும்.

ஒருவன் வந்தான்.
"நாற்பத்தெட்டு நாள் கஷாயம், பூரண குணம்."
முனிரத்தினம் கேட்டார்: "எதிலிருந்து?"
பதில் வரவில்லை.
நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன்,
பக்கத்து அறையில் லைட் போட்டார்கள்.

சண்டையும் உண்டு.
டாக்டர் சீட்டு இல்லாதவர்கள் பேசலாமா என்று
இரண்டு நாள் இழுத்தது.
என்னிடம் சீட்டு இல்லை.
கோயமுத்தூர் போக ஒருநாள் கூலி, பஸ் காசு,
அப்புறம் அந்த பஸ்ஸின் ஹார்ன்.
பதினொரு நாள் நான் எதுவும் எழுதவில்லை.
திரும்பி வந்தபோது
கோபமா என்று யாரும் கேட்கவில்லை.
"வாழைப்பழம், கருப்புப்புள்ளி வந்தது: யார் தின்பீர்கள்?"
என்று ஓடிக்கொண்டிருந்தது.
"மாட்டேன்" என்று எழுதினேன்.

ஒன்பது வருடம் மாதிரி எடுத்தவளுக்கு
இது ஏன் தோன்றாமல் போயிற்று?
மாதிரி என்று ஒன்று கையில் இருந்தால்
அதை மொண்ட பால்
டேங்கர் நிறைய எங்கேயோ நிற்கிறது.

நேற்று ராத்திரி ஷிப்ட்.
கொழுப்புப் பார்க்கும் மிஷின் சுற்ற ஆரம்பித்தது,
நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு சுற்று.
எனக்கு இந்த உலகத்தில் மிகப் பிடித்த சத்தம்,
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
நாற்பது விநாடி பதிவு செய்து
ஒரு சொல்கூடச் சேர்க்காமல் அனுப்பினேன்.
வெளியே மூன்று டேங்கர் காத்திருந்தது.
கை வியர்த்தது.

ரஸியாவிடமிருந்து ஒரே வார்த்தை:
"ஒன்னுகூடி."

மலையாளத்தில் அதற்கு
இன்னொரு தடவை என்று அர்த்தம்.
தெரியும் எனக்கு.
இருந்தாலும் கொஞ்ச நேரம்
தமிழிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு
மாதிரி 22-ஐ மிஷினில் ஏற்றி
இன்னொரு நாற்பது விநாடி.