மேல் கோயில், கீழ்க் கோயில்

கோத்தகிரிக்கு இந்தப் பக்கம்
ஒரே வேதத்துக்கு இரண்டு கோயில்.
மேலே கருங்கல், துரைமார் கட்டியது.
கீழே தகரம்,
டீ பாக்டரியில் கழித்துப் போட்டது.

மேலே மணி ஓய்ந்த பிறகுதான்
கீழே தண்டவாளத் துண்டைத் தட்டலாம்
என்று 1911 கமிட்டி நோட்டில் இருக்கிறது.
ரத்து செய்ததாக
எந்தப் பக்கத்திலும் இல்லை.
நான் இரண்டுக்கும் கோயில்பிள்ளை.

ஐப்பசிக் காற்று தகரத்தைப் பிய்த்து
ஓடையில் போட்ட ஞாயிறு,
மேலே பூட்டைத் திறந்துவிட்டேன்.
ஏறி வந்தவர்கள்
வாசலிலேயே நின்றார்கள்,
குடை சொட்டச் சொட்ட.

பித்தளைத் தகட்டில்
மிஸஸ் டால்பி என்றிருந்த முதல் பெஞ்சில்
போய் உட்கார்ந்தாள் ஞானப்பூ.
"கட்டை ஜில்லுனு கெடக்கு" என்றாள்.
பிறகுதான் மற்றவர்கள்.

அன்றைக்கு மணி அடித்தேனா,
ஞாபகமே இல்லை.