புல் வெட்டுக் கணக்கு

ஏசுவடியானுக்குக் கூலி கொடுத்தது நான்.
மேட்ச் ஒன்றுக்கு நாலு சக்கரம்.
பந்து பிடிப்பதற்கென்று எஸ்டேட் பேரேட்டில் பத்தி கிடையாது.
‘புல் வெட்டு’ என்று எழுதினேன்.
அஞ்சு வருஷத்தில் ஒரு புல் வெட்டியிருக்கமாட்டான்.

கொல்லம் ஆயிரத்து எண்பத்தைந்து, தை.
ஹார்விக் துரைக்குக் கணுக்கால் சுளுக்கு.
கீரிப்பாறையிலிருந்து கொழுந்துக் கூடை சுமக்க வந்தவனை
‘நீ வா’ என்று கூப்பிட்டு
பாயிண்ட் என்கிற இடத்தில் நிறுத்தினார்கள்,
மட்டையிலிருந்து பத்து முழம்.
அங்கேயே நில்.
அவ்வளவுதான் கற்றுக்கொடுத்த ஆட்டம்.

பனையேறின கை.
உள்ளங்கை இரண்டும் பனமட்டைப் பொறுக்கு.
வெட்டியடித்த சத்தம் தாடகைமலையில் பட்டுத் திரும்பியது,
பந்தைக் காணோம்.
துரைமார் தேயிலைச் செடிக்குள் குனிந்து தேடினார்கள்.
இவன் மெள்ளக் கையை விரித்துக் காட்டினான்,
மாங்காய் திருடி அகப்பட்டவன் போல.

ஸ்கோர் புஸ்தகமும் என்னிடம்தான்.
மாற்றாள் பிடித்தால் பெயர் எழுதும் வழக்கமில்லை,
‘சப்’ என்று போட்டால் போதும்.
ஒருநாள் மனசு கேட்கவில்லை.
‘பேரு எழுதட்டாவே?’
‘வேண்டாம் பிள்ளே’ என்று பதறினான்.
‘ஆட்டம் ஞாயித்துக்கெழம.
உபதேசியாருக்குத் தெரிஞ்சா சபைய விட்டுத் தள்ளிருவாரு.’
அப்படியாக அவன் சப்.
இடதுகை நடுவிரல் ஒடிந்து கோணிய அன்றும் சப்.
விரலில் பச்சிலை கட்டி நின்று
அடுத்த ஓவரில் இன்னொன்றைப் பிடித்தபோதும்.

எண்பத்தேழில் பக்கத்து மலை எஸ்டேட்காரர்கள்
ஏழு சக்கரமும் ஒரு படி அரிசியும் சொன்னார்கள்.
போய்விட்டான்.
சித்திரையில் எங்களுக்கு எதிராகவே வந்து நின்றான்.
எங்கள் துரைகள் நாலு பேர் அவன் கைக்குள் போனார்கள்.
மறுவாரம் பத்துச் சக்கரம், ஒரு கம்பளி,
திரும்பி வந்தான்.
புல்லுக்கு விலை ஏறிவிட்டதாகப் பேரேட்டில் காரணம் காட்டினேன்.

மட்டையை அவனிடம் யாரும் கொடுத்ததில்லை.
ஒருமுறை துரைமார் டிபனுக்குப் போயிருக்க
அவனே எடுத்தான், எடை பார்த்தான்,
‘வெறகுக்கு ஆவாது’ என்று வைத்துவிட்டான்.

தொண்ணூறில் சண்டை.
துரைமார் கப்பலேறினார்கள்.
மைதானத்தில் ரப்பர் வைக்க ஆளெடுத்தபோது
ஏசுவடியானும் குழி வெட்டினான்.
பாயிண்ட் நின்ற இடத்துக் குழியை
அவனே கேட்டு வாங்கினான் என்று சொல்ல ஆசைதான்.
அவனுக்கு விழுந்தது ஓடைக்கரை வரிசை.
கோணல் விரலோடு
பனைக்கும் திரும்ப முடியவில்லை.

போன மாசம் சபையின் பழைய ஏட்டைப்
பிரதியெடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள்,
குலசேகரம் வட்டாரத்தில் என் கையெழுத்துக்கு ஒரு பெயர் உண்டு.
ஏசுவடியானுக்கு நேரே
வரவில்லை, வரவில்லை, வரவில்லை.
நாற்பத்தொரு ஞாயிறு.
ஸ்கோர் புஸ்தகத்தை எடுத்துப் பக்கத்தில் விரித்தேன்.
தேதிக்குத் தேதி, அங்கே இல்லாதவன் இங்கே சப்.
மொத்தம் அறுபத்துமூன்று பிடி.

ஒரு ஞாயிறு மட்டும் இடித்தது.
எண்பத்தெட்டு ஐப்பசி.
சபை ஏட்டில் ‘வந்திருந்தான், மகளுக்கு ஞானஸ்நானம்.’
ஸ்கோரிலும் ஒரு சப்.
கணக்கன் புத்தி, ராத்திரி முழுக்க முட்டிக்கொண்டேன்.
விடியும்போது நெஞ்செலும்பில் பழைய இடத்தைத் தடவ
ஞாபகம் வந்தது.
அன்றைக்குப் பென்சிலை பட்லரிடம் கொடுக்கச் சொல்லி
என்னை நிறுத்தினார்கள்.
மூன்றை விட்டேன்.
நாலாவது மார்பில் மோதியது,
கண்ணைத் திறந்தபோது கைக்குள் கிடந்தது.

ஆக, அவன் கணக்கு அறுபத்திரண்டு.
அவனிடம் சொல்லிவிட வேண்டும்.
அன்றையப் புல் வெட்டுக் கூலி பத்துச் சக்கரம்
யார் மடியில் போனது என்பதை
வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.