உள்ளே சிவப்பு

மார்க்கட்டுக்குப் பின்னால் பேல் கடை வரிசை.
தகரக் கூரையில் மழை
யாரையும் கதைக்க விடவில்லை.
நானும் எமல்டாவும் ஒரே குடைக்குள்.
இருவர் சல்லியும் சேர்த்து ஐயாயிரத்து இருநூறு,
அதில் இருநூறு பஸ்ஸுக்கு.

ஆளுக்கொன்று வாங்கினால்
ஆளுக்கொரு கிழிசல்தான் கிடைக்கும்
என்று கணக்குப் போட்டவள் அவள்.
விடுதியில் அவளுக்கு இரவு வேலை, வரவேற்பு மேசை.
எனக்குப் பகல், சலவை அறை.
ஒரே கட்டிலில்
முறை வைத்துத்தான் உறங்குகிறோம்.
கட்டிலுக்குச் சரிவந்தது
ஜேக்கட்டுக்கு வராதா?
பாலன் பிறந்த இரவுப் பூசைக்கு நான்,
விடிந்தபின் காலைப் பூசைக்கு அவள்.

ஜவ்பர் நானா முதலில் எடுத்துப்போட்டது
முழுச் சிவப்பு, கழுத்தில் வெள்ளைப் புசுபுசு.
போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.
தாடி மட்டும்தான் குறை என்றாள்.
அடுத்தது, நெஞ்சில் இரண்டு மான்,
கொம்பெல்லாம் மணி, முகமெல்லாம் சிரிப்பு.
"வெளிநாட்டு மான், தங்கச்சி" என்றார்.
ஹோர்ட்டன் சமவெளி மரைகள்
இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.
பிஸ்கட் பையைப் பறிக்கும்போதுகூட
அவற்றின் முகம்
கடன் கேட்க வந்தவன் முகம் மாதிரித்தான்.

மூன்றாவது பொன் நிறம்.
மினுக்கம் விரலில் ஒட்டியது.
நான்காவதில் ஸிப் பாதியில் நின்றது.
ஐந்தாவதற்குள் எமல்டா நுழைந்தாள்,
வெளியே வர
நானாவும் நானும் கை கொடுத்தோம்.

சிவப்புதான் நத்தார், அது தெரியும்.
ஆனால் சிவப்பு
டிசம்பரோடு தீர்ந்துவிடும் நிறம்.
குளிரோ ஜனவரியில்தான்
சட்டைக்குள் கைவிட்டுத் தேடும்.
லீக்ஸ் பாத்தியெல்லாம் துகள் பனி நரைக்கும்போது
நத்தார் பாப்பா வேஷத்தில்
தண்ணீர்ப் பில் கட்டப் போக முடியுமா?

குவியலின் அடியில்,
மூன்று குழந்தைக் கம்பளிகளுக்குக் கீழே
அது கிடந்தது.
தேயிலைக் கொழுந்து முற்றிய பச்சை.
பெயர்த் துண்டை யாரோ வெட்டியிருந்தார்கள்.
எனக்கு இரண்டு விரல் பெரிது,
அவளுக்கு ஒரு மூச்சு சிறிது.
கைமுனையை மடித்தாள் எமல்டா.
உள்ளே சிவப்பு!
பூசைக்கு மடித்துவிடலாம்,
ஜனவரிக்கு இறக்கிவிடலாம்.
இருவரும் ஒரே நேரத்தில்
நானாவைப் பார்த்ததுதான் பிழை.
ஆறாயிரத்து ஐந்நூறு என்றார்.

எமல்டா வெள்ளைக்காரர்களோடு கதைக்கும் குரலை எடுத்தாள்.
நான் தையல்களை இழுத்துப் பார்த்தேன்,
சத்தமாகப் பெருமூச்சு விட்டேன்.
மழை நின்றபோது ஐயாயிரம்.
"கேக் துண்டு மறக்கக் கூடாது" என்றார்,
"முந்திரி நிறையப் போட்டது."

இருபத்துநாலாம் இரவு
மடித்த சிவப்போடு நடந்தேன்.
குதிரைப் பந்தயத் திடலில் மூடுபனி
வேலியைத் தின்றுவிட்டிருந்தது.
கோயிலுக்குள் இரண்டு பேர்
எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள்.
மூன்றாமவர் கேட்கட்டும் என்று
கொஞ்சம் திரும்பி நின்றேன்.
அப்போதுதான் மெழுகு சொட்டியது,
கைமுனையில், சிவப்பின் நடுவில்,
ஒரு வெள்ளைப் பொட்டு.

மெழுகுக்கு மருந்து எனக்குத் தெரியும்.
விடுதி மேசைவிரிப்புகளில்
தினமும் பார்க்கிற வியாதி.
ஒன்று, வெளியே குளிரில் தொங்கவிட்டு
உறைந்ததும் நகத்தால் சுரண்டவேண்டும்.
மற்றது, பழைய பேப்பர் விரித்து
அயர்ன் வைக்கவேண்டும், மிதமான சூட்டில்,
நைலோன் பொசுங்காமல்.
கொடியைப் பார்த்தேன். ஐந்து மணி.
அவள் இப்போது மேசையைப் பூட்டியிருப்பாள்.
காது விறைக்க ஏறி வருவாள்.

அயர்னை மாட்டினேன்.
கைமுனை முடிந்தது, மெழுகு பேப்பருக்குப் போனது.
ஆனாலும் விடவில்லை.
மற்றக் கை, முதுகு, கழுத்து,
பைகளுக்குள்ளும்.

கதவு தட்டினாள்.
மூக்கு சிவந்து, சொல் எல்லாம் உடைந்து.
போட்டுக்கொண்டதும் கண்ணை மூடினாள்.
"என்னடி இப்படிச் சுடுது?"
"இப்பதான் கழற்றினேன்" என்றேன்.
ஸிப்பைப் பூட்ட மூச்சை இழுத்தாள்.
பூட்டியபின்
விடத்தான் முடியவில்லை,
சிரிப்பும் வந்துவிட்டது.

"மேசைவிரிப்பு மாதிரி மணக்குது"
என்று படியிறங்கினாள்.

நான் கட்டிலில் விழுந்தேன், என் முறை இல்லாவிட்டாலும்.
ஜனவரிக்கு இன்னும் முறை பேசவில்லை.
யார் முதலில் எழும்புகிறாளோ
அவளுக்கு என்று வைக்கலாம்.
அவள்தான் உறங்குவதே இல்லையே.