கன்னத்தில் வாய்

மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
முராகோஷியின் சிவப்பு எழுத்தில் ஒரே வரி:
"எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் கோளாறு."

நீகாத்தா. பிப்ரவரி. மூன்றாம் மாடி.
கீழ்த்தளத்தில் பல் மருத்துவமனை.
துளைக்கும் சத்தம் தூண் வழியே ஏறிவந்து
என் நாற்காலிக் காலில் நடுங்கும்.
திரையில் ஒரு பெண், பதினாறு வயது, கையில் குடை,
நாற்பதாயிரம் முக்கோணங்களால் ஆனவள்.
விளக்கை நகர்த்தினால் நிழலும் நகர்கிறது
மூக்கடியில், உதட்டுமேல், கண்குழியில்,
சட்டம் படித்த நிழல்.
துணிக்கடை வாசலில் நிறுத்திவைத்த பொம்மைக்கு
இப்படித்தான் நிழல் விழும்.

கெடுக்கத் தொடங்கினேன்.

முகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் ஊசி நிற்கிறது,
தோல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று
வெளிச்சத்திடம் கோள் சொல்லும் ஊசி.
அத்தனையையும் தலைவாருவதுபோல் ஒருபக்கமாக வாரிவிட்டு
கன்னம் தட்டை என்று வெளிச்சத்தை நம்பவைத்தேன்.
இப்போது இரண்டே நிறம்:
வெயில், வெயில் இல்லை.
நடுவில் அந்தி என்று ஒன்று கிடையாது.

பிறகு நடை.
நொடிக்கு இருபத்துநான்கு படம்;
சோப்புத் தண்ணீரில் வருபவள்போல் வழுக்கிக்கொண்டு வந்தாள்.
ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்கினேன்.
குடை விரியும் இடத்தில் மூன்றுக்கு ஒன்றுதான் மிச்சம்.
பள்ளங்களைத் தாண்டத் தாண்ட
காலுக்குக் கனம் வந்தது.

கோடு மட்டும் இரண்டு நாள் தின்றது.
கம்பிவேலிபோல் எங்கும் ஒரே தடிமன்.
தாடையில் பருக்கவைத்தேன், காதோரம் மெலியவைத்தேன்,
கழுத்து தொடங்கும் இடத்தில் அறுத்தே விட்டேன்.
அறுந்த இடத்தில் அவள் மூச்சுவிட்டாள்.
அன்று நான் மதியம் சாப்பிடவில்லை,
அதையும் சொல்லவேண்டும்.

நூற்றுப்பன்னிரண்டாம் காட்சி:
முக்கால்வாசி திரும்பிய முகத்தோடு "நீ போ" என்கிறாள்.
வாய் அதன் இடத்தில் இருந்தால்
மீன் பேசுவதுபோல் இருக்கிறது.
பிடுங்கி இடக் கன்னத்தில் நட்டேன்.
தூரத்துக் கண்ணை முகத்துக்கு வெளியே இழுத்தேன்.
நெற்றியை உள்ளங்கையால் அமுக்குவதுபோல் அமுக்கினேன்.
கேமராவிலிருந்து பார்த்தால்
அவ்வளவு அழகாக யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை.

இரவு ஒன்பதுக்குக் கதவு தட்டி
தப்பாகத் தன்னிடம் வந்த பார்சலை நீட்டினார்
கீழ்த்தளத்து ஹனவா.
நான் அப்போது அவளை மறுபக்கம் சுழற்றியிருந்தேன்.
காதருகே வாய், காற்றில் தொங்கும் கண்.
செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.
"தாடை எப்போது உடைந்தது?"

உடையவில்லை, இந்தப் பக்கமிருந்து
யாரும் பார்க்கமாட்டார்கள் என்றேன்.
"பல்?"
மேலே ஒரு வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான்.
அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.
"நான் முகங்களைத் தலைகீழாகவே பார்க்கிறவன்.
தெருவில் யாராவது வணக்கம் சொன்னால்
வாயைத் திறக்கச் சொல்லலாமா என்றிருக்கும்."
படிக்கட்டில் பனி ஒட்டிய செருப்பின் சத்தம்
ஒன்றுவிட்டு ஒன்றாகக் கேட்டது.

மறுநாள் முராகோஷியின் சிவப்பு எழுத்து: "ம்."
எங்கள் ஊரில் அது பெரிய பாராட்டு.

கோப்பை அடைப்பதற்கு முன்
அந்த வெள்ளைப் பட்டைக்குப் பின்னால்
எந்தக் கேமராவும் எட்டாத இடத்தில்
ஒரு தெற்றுப்பல் வைத்தேன், ஒழுங்காக நிழல் விழும் பல்.
பெயரில்லாத எதையும் கணினி சேமிக்காது.
ஹனவா என்று கொடுத்தேன்.