இல்லாத சுவர்

போன செவ்வாய் பாலம் நிற்காமல் ஓடி
கடைசி போல்ட்டில் மோதியது.
பல்சட்டத்தில் மூன்று பல் போச்சு.
லியோங் முதலாளி அவற்றைப் பொறுக்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"வனஜா, இனி இது உன் வேலை லா."

ஹோம் அழுத்தினேன். மூலைக்குப் போய்
சுவிட்சைத் தொட்டு, ஒரு நூல் பின்வாங்கி
இது பூஜ்யம் என்று நின்றது.
அங்கிருந்து மெல்ல நகர்த்தி நகர்த்தி
டேப்பை இரும்போடு ஒட்டிப் பிடித்தேன்.
காகிதத்தில் 2440.
இந்த மேசையில் 2431தான்.
பத்து மில்லி விட்டு 2421 என்று அடித்தேன்.
டார்ச் இறங்கும் ஆழத்துக்கு மைனஸ்;
முதல் தடவை மறந்துவிட்டேன்,
யாரிடமும் சொல்லவில்லை.

வேண்டுமென்றே 2500க்குப் போ என்றேன்.
மாட்டேன் என்றது,
சிவப்பு எழுத்தில், மரியாதையாக.

செம்பனை ஆலைக்கு அறுபது தகடு.
ரஃபிகுல் தன் தே-ஓ பையை
மேசைக் கடைசிக் கம்பியில் மாட்டினான்,
இல்லாத சுவருக்கு அந்தப் பக்கம்.
பதினெட்டுத் தகடு வரை பை ஆடவில்லை.

மூன்றரைக்குப் பகாவில் மழை.
கரண்ட் போய் வந்தது.
பாலம் நடுவழியில் கண் விழித்து
நிற்கிற இடமே பூஜ்யம் என்றது.
நான் கட்டிய சுவர் ஒன்றரை மீட்டர் நகர்ந்து
வெளியே, லாரி நிற்கும் இடத்தில்
நனைந்துகொண்டிருந்தது.

ரஃபிகுல் ஸ்டார்ட்டுக்குக் கை நீட்டினான்.
"ஓய், பை!"
எடுத்து ஒரு வாய் உறிஞ்சினான்.
ஆறிப்போச்சாம்.

ஹோம் அழுத்தினேன்.